இந்த மாசம் எத்தனை பேர்?

மலையகத் தேயிலைத் தோட்டச் சம்பளம் பற்றிச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் எங்கள் கடையில் யாராவது ஒருவர் என் மேசைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். கொழும்பு புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்தமாக விற்கும் கடை. கணக்குப் பிரிவில் இருக்கிறேன். "என்ன தங்கச்சி, இனி உங்க ஆக்களுக்குப் பிரச்சினை இல்லத்தானே, 1,750 ஆக்கிட்டாங்களே" என்பார். கேட்கிறவர் நல்ல மனுசர்தான். கேட்கும்போதே மனசுக்குள் பெருக்கியும் பார்த்துவிடுவார். ஒரு நாளைக்கு 1,750, மாசத்துக்கு 25 நாள், ஆக 43,750 ரூபா. புருசன் பெண்சாதி இரண்டு பேரும் வேலை செய்தால் அதன் இரட்டிப்பு. வாடகை இல்லை, லயம் (தோட்டத்து வரிசை வீடு) சும்மா. பிறகு ஏன் இவர்கள் எப்போதும் அழுகிறார்கள் என்ற கேள்வி அவர் முகத்திலேயே எழுதியிருக்கும்.

நானும் நாள் முழுக்கப் பெருக்கிக் கழிக்கிறவள் என்பதால் அந்தக் கணக்கு எங்கே பிழைக்கிறது என்று சொல்கிறேன். 1,750 இல்லை சிக்கல். 25தான் சிக்கல்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முழுசாகச் செய்து முடித்தால் ஒரு பேர். சொன்ன கிலோ கொழுந்து வரவில்லை என்றால் அரைப்பேர். மாசக் கடைசியில் பெண்கள் குழாயடியில் கேட்டுக்கொள்வது சம்பளம் எவ்வளவு என்று இல்லை. "ஒனக்கு எத்தனை பேர்?" என்றுதான். சம்பளத்தின் உண்மையான அளவு அதில்தான் இருக்கிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கொழும்புக்கு வந்து சேரும்போது அந்தக் கேள்வி எங்கேயோ விழுந்துவிடுகிறது.

என் அண்ணி இன்னும் கொழுந்து எடுக்கிறார். ஒவ்வொரு மாசமும் பத்தாம் திகதி சம்பளத் துண்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். துண்டு ஆங்கிலத்தில், அதுவும் சுருக்கெழுத்தில். என்ன வெட்டியிருக்கிறார்கள் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். போன வருசத்து துண்டு ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. அப்போது நாட்சம்பளம் 1,350 ரூபா.

முழுப்பேர் 14. அதற்கு 18,900. அரைப்பேர் 3. அதற்கு 2,025. மேலதிகக் கிலோவுக்கு ஐம்பது ரூபாப்படி 22 கிலோவுக்கு 1,100. மொத்தம் 22,025 ரூபா. இனி வெட்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு வீதம், 1,762. போன தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தில் ஒரு தவணை 1,500. சங்கச் சந்தா 200, கோயிலுக்கு 100, தேயிலைத் தூள் 450. (தான் பறித்த கொழுந்தின் தூளைத் தன் சம்பளத்தில் வெட்டி வாங்குவதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். அண்ணிக்கு வராது.) இருபத்தைந்தாம் திகதி வாங்கிய அட்வான்ஸ் 5,000. கடைசி வரியில் நிற்பது 13,013 ரூபா.

அதுதான் இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வீட்டில் பத்தாம் திகதி கைக்கு வந்த காசு. அண்ணன் கொழும்பில் கட்டட வேலை. அவர் அனுப்பினால்தான் மிச்சம் ஓடும். மலைப் பக்கம் இப்போது எந்த லயத்தை எடுத்தாலும் கதை இதுதான். வீட்டை நடத்துவது தோட்டச் சம்பளமில்லை, வெளியிலிருந்து வரும் காசு. தோட்டத்தில் ஒருவர் பெயரைப் பதிந்து வைத்திருப்பது காம்பரா, அதாவது லயத்து அறை, கையை விட்டுப் போகாமல் இருக்க.

25 நாள் வேலை கொடுத்திருந்தால் அதே 1,350க்கு 33,750 வந்திருக்கும். அண்ணி லீவு போட்டாரா? ஒரு நாள்தான், சின்னவனுக்குக் காய்ச்சல். மற்ற நாட்களில் காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் வேலை சொல்லவில்லை. அல்லது கைக்காசுக்கு எடுக்கச் சொன்னார்கள். கைக்காசு என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பது. அவசரத்துக்கு அந்தக் காசு இனிக்கும், பெண்கள் ஓடிப்போய் எடுப்பார்கள். ஆனால் அந்த நாள் செக்ரோலில், அதாவது தோட்டத்து வரவுப் புத்தகத்தில், பேராக ஏறாது. சேமலாப நிதிக்கும் கணக்கில்லை. அதே மலை, அதே கூடை, அதே கங்காணி. நாள் மட்டும் புத்தகத்துக்கு வெளியே போய்விடுகிறது.

அரைப்பேர் எப்படி விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட லீவில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன காலத்திலிருந்தே கொழுந்து நிறுக்கும் இடத்தைப் பார்த்திருக்கிறேன். ரோட்டோரம் தகரம் போட்ட ஒரு கொட்டில். ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. பெண்கள் படங்கை இடுப்பில் கட்டியபடியே வரிசையாக நிற்பார்கள், காலில் அட்டை கடித்த இடத்தில் இரத்தம் வழியும், அதை யாரும் குனிந்து பார்ப்பதுமில்லை. சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஆடும். அது நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். அந்த எண்ணிலிருந்து சாக்குக்கு ஒரு கழிவு, மழை பெய்தால் தண்ணிக்கு ஒரு கழிவு, முற்றின இலைக்கு ஒரு கழிவு. ஒரு நிறுவைக்கு இரண்டு கிலோ போனாலும் மூன்று நிறுவைக்கு ஆறு. இருபது கிலோ கேட்கும் தோட்டத்தில் ஒருத்தி இருபத்தைந்து எடுத்தாலும் புத்தகத்தில் பத்தொன்பதுதான். ஒரு கிலோவால் அரை நாள் போயிற்று. இப்போது மின் தராசு வந்துவிட்டது. முள் ஆடுவதில்லை. கழிவு அப்படியே இருக்கிறது.

கழித்த கொழுந்தை எவரும் ரோட்டில் கொட்டுவதில்லை, அதுவும் பெக்டரிக்குத்தான் போகிறது. அண்ணி அனுப்பும் துண்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

நாட்சம்பளத்தின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1992ல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. அதன் பிறகு இரண்டு வருசத்துக்கு ஒரு முறை கம்பனிகளும் சங்கங்களும் போடும் கூட்டு ஒப்பந்தம். 2019ல் அடிப்படை 700 ரூபாவில் வந்து நின்றது. அதற்கு முதலே ஆயிரம் ரூபா கேட்டுப் போராட்டம், 2018ல் கொழும்பில் காலிமுகத்திடல் வரை இளைஞர்கள் வந்தார்கள். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. 2024ல் தேர்தல் வருசம். மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. இழுத்துப் பறித்து செப்டெம்பரில் 1,350 ஆயிற்று. பிறகு 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 என்றார்கள். அதில் 1,550 கம்பனி கொடுப்பது, 200 ரூபா வரவுக்கான ஊக்கத்தொகையாக அரசாங்கம் கொடுப்பது.

இந்த வரலாற்றில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். 2021ல் ஆயிரம் ரூபா வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளத்தை அரசாங்கம் தீர்மானிக்கிறது என்றால் எங்களுக்கும் உங்களுக்கும் பேச்சில்லை என்பது அவர்கள் நியாயம். ஒப்பந்தத்தை நான் புகழ வரவில்லை. அது கையெழுத்தாகிற நாளில் எங்கள் லயத்தில் விழுந்த திட்டுகளை இங்கே எழுத ஏலாது. ஆனால் எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு என்றெல்லாம் உட்கார்ந்து பேச ஒரு மேசை இருந்தது. இப்போது நாட்சம்பளம் என்ற ஒரே எண் மட்டும் வர்த்தமானியில் வருகிறது. மற்றது எல்லாம் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், கையில். எங்கள் தோட்டத்தில் ஆயிரம் ரூபா வந்த மாசத்திலிருந்தே நாள் குறைந்தது, கிலோ கூடியது. ஒரு கையால் கொடுத்ததை மற்றக் கையால் எடுத்துக்கொண்டார்கள். சட்டப்படி யாரும் பிழை செய்யவில்லை.

ஏன் எப்போதும் நாட்சம்பளம் மட்டும் பேசப்படுகிறது? மேடையில் கத்துவதற்கு அது வசதி. "1,700!" என்றால் கைதட்டு விழும். "மாதம் குறைந்தது இருபத்திரண்டு நாள் வேலை, கழிவுக்கு உச்சவரம்பு" என்று மைக்கில் சொன்னால் யார் தட்டுவார்கள்? எங்கள் சம்பளம் எப்போதும் வாக்கோடு கட்டப்பட்டே வந்திருக்கிறது. வாக்கு இல்லாத காலத்தில் அதைப் பற்றிப் பேசுகிற வாயே இல்லை.

அந்தக் காலத்தை எங்கள் வீட்டுக் கதையாகத்தான் எனக்குத் தெரியும். 1948ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்த சனத்திடம் யாரிடம் இருக்கும் பிறப்புப் பதிவு? ஏழு லட்சம் பேரளவில் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருசம் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்தது. கலியாணம் முடித்தவர் 1946க்கு முன் ஏழு வருசம், முடிக்காதவர் பத்து வருசம் இங்கே தொடர்ந்து இருந்ததைக் காட்ட வேண்டும். இடையில் ஒரு தடவையில் பன்னிரண்டு மாசத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்தது. என் பூட்டன் முசிறிப் பக்கத்து ஊருக்கு ஒரு கலியாணத்துக்குப் போய், அங்கே தாய் படுக்கையில் விழ, இருந்து பார்த்துவிட்டு ஒரு வருசம் தாண்டித் திரும்பியிருக்கிறார். விண்ணப்பம் தள்ளுபடி. தாயைப் பார்த்துக்கொண்ட குற்றம் என்று அப்பாயி சொல்லும். எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பித்திருந்தார்கள். கடைசியில் கிடைத்தது ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு.

ஒருவர் வழக்குப் போட்டுப் பார்த்தார். கோடகன் பிள்ளை. கேகாலைப் பக்கத்து ருவன்வெல்ல தொகுதியில் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். முதல் விசாரணையில் வென்றார், உயர் நீதிமன்றத்தில் தோற்றார், 1953ல் அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்திய காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போயிருந்தார்கள். 1952ல் ஒருவர்கூட இல்லை. பிறகு 1977ல் நுவரெலியா-மஸ்கெலியாவில் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வெல்லும் வரைக்கும் நியமன உறுப்பினர் என்ற தயவில்தான் இருந்தோம். அந்தக் கால்நூற்றாண்டில் தோட்டச் சம்பளம் எந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் வந்ததே 1984ல். அதிலும் ஒரு வேடிக்கை. சமமாக வந்த பிறகும் அம்மாவின் சம்பளத்தை ஆபீசில் போய் வாங்குகிறவர் அப்பாதான். அம்மா கையெழுத்து வைத்து எண்ணி வாங்கியது நான் ஏழாம் ஆண்டு படிக்கும்போது.

1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று. அந்த மிச்சத்தை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அம்மாயியின் தம்பி குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தது. தலைமன்னாருக்குப் போகும் ரயிலை எங்கள் பக்கம் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஸ்டேசனில் ஏறுகிறவர்களும் அழ, வழியனுப்புகிறவர்களும் அழ. அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் நீலகிரி. அங்கேயும் தேயிலைதான். தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம் தாயகம் திரும்பியவர்களுக்கென்றே தொடங்கியது. அந்தத் தாத்தாவின் பேரன் ஒருவன் கோத்தகிரியிலிருந்து என்னோடு பேஸ்புக்கில் பேசுகிறான். அவன் தாய் ஓய்வு பெற்ற அன்றைக்குக் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்ன கதையைச் சொன்னான். இரண்டு நாடு, ஒரே லயம் என்று எழுதி அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

அம்மா பிறந்தது நாடற்றவராக. 1988ல் வந்த சட்டத்தில்தான் பிரஜை ஆனார். அதிலும் விடுபட்டுப்போனவர்களுக்காக 2003ல் இன்னொரு சட்டம். அதோடு இங்கே இருக்கிறவர்களுக்குச் சட்டப்படி கதை முடிந்தது. இன்றைக்கு எங்களுக்கு அடையாள அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது. 2023ல், எங்கள் சனம் இங்கே வந்து 200 வருசம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அதில் இரண்டு நாள் நானும் நடந்தேன். வழி நெடுகத் தண்ணீர் கொடுத்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

ஆனால் பிரஜை என்ற பிறகும் எங்கள் ரோட்டுக்குக் கல் போட பிரதேச சபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களைக் கைக்கெட்டாத் தூரத்தில் வைத்திருந்தது. வாக்குப் போடலாம், உறுப்பினரையும் அனுப்பலாம், அவர் நம் லயத்துக்கு ஒரு மதகு கட்ட ஏலாது. 2018ல்தான் அதைத் திருத்தினார்கள். வீட்டு இலக்கம் என்று ஒன்று இன்னும் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து யார் கையிலாவது வரும். எனக்குப் பல்கலைக்கழகக் கடிதம் வந்து சேர்ந்தபோது பதிவுக்கு நான்கு நாள் மிச்சம். காணி உறுதி, ஏழு பேர்ச் காணி, இந்திய வீடு என்று மேடைகள் நடக்கின்றன. 2017ல் நோர்வூட்டுக்கு வந்த மோடி மேலும் பத்தாயிரம் வீடு என்றார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

காசுக்குத் திரும்புகிறேன். பிரஜாவுரிமை தாமதித்து வந்து காகிதத்துக்கு ஒரு பெயராகப் போனதற்கு அம்மா கொடுத்த விலையை நான் நேரே பார்த்தது அவருடைய சேமலாப நிதியை எடுக்கப் போனபோது.

அம்மாவின் பெயர் மலையகத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும் சாமி பெயர்தான். 1989ல் செக்ரோலில் ஏற்றிய கிளாக்கர் காதில் விழுந்தபடி எழுதினார், லெட்சுமி. அடையாள அட்டையில் சிங்களத்திலிருந்து வந்து லக்ஸ்மி. பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர் முன்னால் வந்து வேறொரு ஆள். தோட்டத்துக்கு எல்லாம் ஒரே ஆள்தான், கொழுந்து நிறுக்கும்போது ஒருவரும் சந்தேகப்படவில்லை. காசு கொடுக்கும் இடத்தில் மூன்று ஆள். தொழில் அலுவலகத்தில், நிதியை எடுக்க நிரப்பும் கே படிவத்தைத் திருப்பித் தந்தார்கள். பி கார்டில் (நிதியின் அங்கத்தவர் அட்டை) உள்ளவரும் அடையாள அட்டையில் உள்ளவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி, தோட்டத்துக் கடிதம், கிராம சேவகர் கடிதம். அம்மா முழு நேரமும் பேசாமல் வாங்கில் இருந்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்: "அந்த லெட்சுமி யாருன்னு அவுங்களே சொல்லட்டும். முப்பத்தோரு வருசம் என் காசை அவளுக்கா வெட்டுனாங்க?" கவுன்டரில் இருந்த பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தித் தந்தார். அவர் நல்லவர், சட்டம் அப்படி.

சேமலாப நிதி வந்தது. பணிக்கொடை அவ்வளவு சுலபத்தில் வரவில்லை. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருசச் சேவைக்குப் பதினான்கு நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. 1983ஆம் ஆண்டுச் சட்டம். அம்மா விலகியது 2020 டிசெம்பரில், அப்போது 700 ரூபா. முப்பத்தொரு வருசத்துக்கு 434 நாள். 3,03,800 ரூபா. மூன்று மாசம் பொறுத்திருந்தால் ஆயிரம் ரூபாக் கணக்கில் 4,34,000 வந்திருக்கும். 1,30,200 ரூபா வித்தியாசம். வேலைக்குப் போகிற முழங்காலா அது என்று அம்மா கேட்டார், சரிதான்.

விலகி முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மிகைக்கட்டணம் என்பது சட்டம். தோட்டம் துண்டு துண்டாகக் கொடுத்தது. பெரிய பங்கு கைக்கு வந்தது 2022ன் நடுவில். அந்த வருசம் என்ன நடந்தது என்று இலங்கையில் இருக்கிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டது. கொழும்பில் உணவுப் பணவீக்கம் செப்டெம்பரில் 94.9 வீதம். ரொட்டிக்கு மா இல்லை, இருந்தால் விலையைக் கேட்டுத் திரும்ப வேண்டும். 2021 ஜனவரியில் வந்திருந்தால் அந்தக் காசில் கூரைத் தகரம் முழுவதும் மாற்றியிருக்கலாம். 2022ல் அடுப்படிப் பக்கம் மட்டும் மாற்றினோம், மிச்சம் மருந்துக்கும் மாவுக்கும் போயிற்று. மிகைக்கட்டணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோட்டத்துச் சங்கத் தலைவருக்கே தெரியாது. சங்கச் சந்தா மட்டும் ஒரு மாசமும் தவறாமல் வெட்டியிருக்கிறது.

இப்போது கம்பனிகள் வேறு வழி சொல்கின்றன. குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி என்று பிரித்துத் தருவோம், பராமரித்துக் கொழுந்தைக் கிலோ கணக்கில் எங்களுக்கே விற்கலாம் என்று. வெளியார் உற்பத்தி முறை என்கிறார்கள். எங்கள் லயத்தில் சிலருக்கு இது பிடித்திருக்கிறது, காலையில் பெரட்டு இல்லை, யாரும் திட்டுவதில்லை, விடிய எழும்பி எடுத்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். பரம்பரையாக ஏச்சுக் கேட்ட சனம். ஆனால் செடி குத்தகைக்குக்கூட இல்லை, உறுதியும் இல்லை. உரம் கடன், விலை அவர்கள் சொல்வது. சேமலாப நிதி, பணிக்கொடை, பிரசவச் சம்பளம், குளவி கொட்டினால் நட்டஈடு எல்லாம் போய்விடும். தொழிலாளியும் இல்லை, தோட்டக்காரனும் இல்லை. காணியை உறுதியோடு எழுதிக் கொடுங்கள், சிறுதோட்டக்காரராக இருந்துகொள்கிறோம் என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. தெற்கில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறவர்கள்தான் இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் காணி இருக்கிறது.

அதனால் கடையில் என் மேசைக்கு வருகிறவரிடம் நான் சொல்வது இதைத்தான். 1,750 நல்லது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த 200 ரூபா வரவுக்கு என்றால் வேலை சொல்லாத நாளில் பெரட்டுக்கு வந்து திரும்பிப் போனவளுக்கு அது உண்டா என்று கேளுங்கள். சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தோடு மாதத்துக்குக் குறைந்த வேலை நாளையும் எழுதட்டும். கிலோவையும் கழிவையும் தோட்டத்துக்குத் தோட்டம் துரை இஷ்டத்துக்கு விடாமல் ஒரு வரம்பு போடட்டும். துண்டைத் தமிழிலும் அச்சடிக்கட்டும். கைக்காசு நாளுக்கும் நிதி வெட்டட்டும். நாடாளுமன்றத்தில் இப்போது எங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், முன்பைவிடக் கூடவே. இதில் ஒன்றைக்கூட யாரும் வாய்விட்டுக் கேட்டு நான் பார்க்கவில்லை.

தோட்டத்தில் அம்மாவோ அக்காவோ வேலையில் இருக்கிற பிள்ளைகள் இதைப் படித்தால் உங்களுக்கு ஒரு வேலை. சம்பளத் துண்டுகளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துக் கரையானுக்குக் கொடுக்காமல் போனில் படம் பிடித்து மாச வாரியாக வையுங்கள். பி கார்டில் என்ன பெயர் இருக்கிறது என்று வேலையில் இருக்கும்போதே பாருங்கள். அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்றால் சத்தியக்கடதாசியை இப்போதே எடுத்துத் தோட்ட ஆபீசில் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பெண்களுக்கு ஐம்பது வயதில் நிதி எடுக்கலாம், ஆண்களுக்கு ஐம்பத்தைந்து. பணிக்கொடை முப்பது நாள் தாண்டினால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம், தலைவர் வர வேண்டும் என்று ஒன்றுமில்லை.

அண்ணியின் பி கார்டில் இன்னும் கலியாணத்துக்கு முந்திய பெயர்தான். தைப்பொங்கல் லீவில் போகும்போது அதை முடித்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.